ஐந்து பெட்டிகளும் ஒரு பூட்டும்

மூன்று நாளாக அவளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரி வார்டுகளுக்காக அவள் எழுதிய கம்ப்யூட்டர் பக்கத்தில் ஐந்து பெட்டிகள்: படுக்கை, மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டாக்டர் குறிப்பு. பக்கத்தைத் திறந்ததும் ஐந்தும் ஒரே நேரத்தில் சர்வரிடம் தகவல் கேட்கும். தனியாகக் கேட்டால் எதுவும் இரண்டு விநாடியில் வந்துவிடும். சேர்த்துக் கேட்டால் பத்து ஆனது. ஒன்று வந்து முடிந்த பிறகுதான் அடுத்தது அசைந்தே கொடுத்தது.

அந்த ஆஸ்பத்திரியில்தான் அவள் அண்ணி நர்ஸ். தினமும் போனில் பிடித்துக்கொண்டாள்.

"மருந்துப் பெட்டி வர்றதுக்குள்ள நான் பேஷன்ட்டையே போய்க் கேட்டுட்டு வந்துடலாம். என்னதான் எழுதி வச்சிருக்க?"

"சர்வர் இழுக்குது அண்ணி."

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் பக்கத்து அறையில் இருந்தார். "சர்வர் சும்மா ஈ ஓட்டிக்கிட்டிருக்கும்மா. உன் புரோகிராமைப் பாரு" என்றார். அவள் பார்த்தாள். தரவுத்தளத்தைக் குடைந்தாள், பிரவுசரை மாற்றினாள், பாதியை அழித்துத் திரும்ப எழுதினாள். பத்து விநாடி பத்தாகவே நின்றது. மூன்றாம் நாள் காலை மீட்டிங்கில், மேனேஜர் எதிரிலேயே சர்வர்காரரைக் காட்டி, "இவர் எதையோ மறைக்கிறார்" என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் சுண்டிப்போய் எழுந்து போனார்.

மதியம் அண்ணி மறுபடி கூப்பிட்டாள்.

"எனக்கு இங்க சுத்திக்கிட்டே இருக்கு. பக்கத்து கம்ப்யூட்டர்ல இன்னொருத்தி அவ லாகின்ல திறந்தா, முதல் பெட்டி உடனே வந்துடுச்சு. எனக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சர்வர் மந்தமென்றால் இருவருக்கும்தானே மந்தமாக இருக்க வேண்டும்? அப்படியானால் ஒரே லாகினின் வேண்டுகோள்கள்தான் ஒன்றையொன்று மறிக்கின்றன.

ஐந்து பெட்டிகளுக்குமான புரோகிராம் கோப்புகளைத் திறந்தாள். ஐந்திலும் முதல் வரி ஒன்றுதான்: லாகின் விவரத்தைத் திற. திறக்கும் வேண்டுகோள், தன் வேலை முடியும்வரை அந்த விவரத்தைப் பூட்டித் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும். மற்ற நான்கும் வெளியே நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன் அவளே எழுதி ஐந்து இடத்திலும் ஒட்டிய வரி அது.

லாகின் செய்தவர் யார் என்று தெரிந்துகொண்டதும் விவரத்தை மூடிவிடும்படி ஒரு வரி சேர்த்தாள். இரண்டு விநாடியில் ஐந்தும் வந்து நின்றன. சந்தோஷம் வரவில்லை. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

பக்கத்து அறைக்குப் போனாள். "சர்வர்ல ஒண்ணும் இல்ல சார். என் தப்புதான்."

அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதை எல்லார் முன்னாடியும் சொல்லுவியா?"

"சொல்றேன்."

எல்லோருக்கும் மெயில் போட்டாள். "அப்போ புது சர்வர் வேண்டாமா?" என்று மட்டும் மேனேஜர் பதில் எழுதினார்.

கிளம்பும் நேரத்தில் அண்ணியின் போன். "இப்போ சட்டுனு வருது. ஆனா கடைசியா பார்த்த படுக்கையை மறந்துடுதே. ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து தேடறேன்."

கடைசியாகப் பார்த்த படுக்கையும் அந்த லாகின் விவரத்தில்தான் பதிவாகும்; மூடிய பிறகு அதில் எதையும் எழுத முடியாது. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தோளில் மாட்டிய பையை இறக்கி வைத்தாள்.

"இருங்க அண்ணி, பார்க்கறேன்."