கிளட்ச் இல்லாத வண்டி

இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் எலும்பைப் படம் எடுத்தவள், ஒரு நாள் தன் இடது கையையே எக்ஸ்ரே மேஜையில் வைத்தாள். கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் கேட்க ஒன்றுமில்லை. நெரிசலில் பைக்கின் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டால் வீட்டுக்கு வந்ததும் டம்ளரைத் தூக்க முடிவதில்லை, காரணம் இதுதான்.

அந்த மாதமே பைக்கை விற்றாள். தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. லீவு நாளில் ஃபிரிட்ஜைத் திறப்பாள், எதையும் எடுக்காமல் மூடுவாள். மூன்று மாடி இறங்கி வாசல் வரை போவாள், சும்மா திரும்பி வருவாள். அடுத்த தெருவில் மெக்கானிக் கடை வைத்திருந்த தம்பிக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

“ஏன்க்கா, கால்ல வெந்நீர் கொட்டின மாதிரி அலையுற?”

“கிளட்ச் பிடிக்கவே வேணாம், தானா கியர் மாத்திக்கும்னு வண்டி இருக்காமேடா?”

“இருக்கு. புதுசு வாங்கணும்னா ஆளுக்கொரு கிட்னிய விக்கணும்.”

“பழசு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். கிளம்பு” என்றாள் அக்கா.

விற்பவர் ஒரு சர்வேயர். வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. தொலைதூரப் பயணத்துக்கான கனத்த வண்டி. முன்னால் காற்றுத்தடுப்புக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டிகள். தம்பி முதல் வேலையாக இன்ஜின் மேல் புறங்கையை வைத்து வெடுக்கென்று எடுத்தான்.

“சார், சூடா இருக்கே?”

“காலையில ஒரு ரவுண்டு போனேன்” என்றார் சர்வேயர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

தம்பி அக்காவை ஓரமாக இழுத்துப்போனான். “ஆறின வண்டியில ஏதோ கோளாறு. தெரியக் கூடாதுன்னுதான் சூடு பண்ணி வெச்சிருக்கார். வா, போயிடலாம்.”

“ஆறட்டும். காத்திருப்போம்.”

சொன்னாளே தவிர, அவளால் இருக்க முடியவில்லை. போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், பெட்டிகளைத் திறந்து மூடினாள், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒன்றரை மணி நேரம் இப்படிப் போனதும் சர்வேயருக்கே தாங்கவில்லை.

“சொல்லிடறேன்மா. ஆறியிருந்தா முதல் கியர்லேர்ந்து ரெண்டாவதுக்குப் போறப்ப ஒரு உதை உதைக்கும். என் வீட்டுக்காரி பின்னாடிலேர்ந்து விழப் பார்த்தா. இனிமே ஏற மாட்டேன்னுட்டா. தனியா ஊர் சுத்த எனக்குப் பிடிக்கல.”

“இத முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று தம்பி எகிறினான். அதற்குள் அவள் ஹெல்மெட்டை மாட்டியிருந்தாள்.

“பத்து நிமிஷம்தான்!” என்று அவன் பின்னாலிருந்து கத்தினான்.

வண்டி சொன்னபடி உதைத்தது. அவள் இடது கை இல்லாத கிளட்சைத் தேடியது, இடது கால் வெறுங்காற்றை மிதித்தது. நகரம் தாண்டியதும் எல்லாம் சீரானது. கியர் மாறுவதே தெரியவில்லை. கட்டைவிரல் வலிக்கவில்லை. திரும்ப வேண்டிய பெட்ரோல் பங்க் வந்தது, போனது. சட்டைப்பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. இன்னும் கொஞ்சம், அந்தப் பாலம் வரைக்கும், என்று போய்க்கொண்டே இருந்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றாள். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கி உறுமவிடுவது அவளுடைய பழைய வழக்கம். கிளட்சைப் பிடித்திருந்தால் அதில் ஒன்றும் ஆகாது. இதில் பிடிக்க ஏது கிளட்ச்? வண்டி பாய்ந்தது. பிரேக்கை அவள் இறுக்கியபோது முன்சக்கரத்துக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

ரயில் போய், கேட் திறந்து, பின்னால் ஹாரன்கள் அலறிய பிறகும் அவள் பிரேக்கை விடவில்லை. வண்டியை ஓரம் தள்ளி வெகுநேரம் நின்றாள். திரும்பும்போது மெதுவாகத்தான் வந்தாள்.

தம்பி சர்வேயர் வீட்டுத் தெருமுனையிலேயே நின்றிருந்தான். “உயிரே போச்சுக்கா எனக்கு!”

அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கேட்டு முடித்தவன், “அப்ப வேண்டாம். விட்டுடு” என்றான்.

“தப்பு என் கையோடது. கைக்குப் பாடம் சொல்லித் தந்துடலாம். உதைய நீ பார்த்துக்க.”

வாங்கினார்கள். தம்பி ஆயிலை மாற்றி, உள்ளே தானாக இயங்கும் கிளட்சைச் சரிபார்த்துத் திரும்ப அளவு வைத்தான். உதை பாதி குறைந்தது. மீதி வண்டியின் பிறவிக்குணம் என்று விட்டுவிட்டான். அவள் ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரியின் காலி பார்க்கிங்கில் வட்டமடித்தாள். நின்றதும் நியூட்ரல் பொத்தான், அப்புறம்தான் மூச்சு. ஐந்தாவது ஞாயிறு, யோசிக்காமலே விரல் பொத்தானுக்குப் போனது.

மறுவாரம் விடிந்ததும் தனியாகக் கிளம்பினாள். முந்நூறு கிலோமீட்டர் தாண்டி, கடல் தெரிந்த ஊரில் தம்பிக்கு போன் போட்டாள்.

“வந்துட்டேன்டா.”

“அப்பாடா. ரூம் போட்டு நிம்மதியாப் படு.”

அவள் கடலைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கரையை ஒட்டிச் சாலை வளைந்து போனது.

“மணி மூணுதான்டா ஆகுது” என்றாள். “அடுத்த ஊர் போய்ப் பேசறேன்.”