கீழே விழும் காட்சி

என் வீட்டுக்காரர் சஹீர் ஒன்பது வருடம் கிளப்களுக்குக் கால்பந்து விளையாடியவர். முழங்காலில் ஜவ்வு கிழிந்த பிறகு கிளப்காரர்கள் அவர் போனைக்கூட எடுக்கவில்லை. இப்போது ஒரு கால்பந்துப் படத்தில் கதாநாயகனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார். கிடைக்காமல் கிடைத்த வேலை. அதையும் அன்று கெடுத்துக்கொள்ளப் பார்த்தார்.

துடியலூர் பக்கம் ஒரு மைதானத்தில் படப்பிடிப்பு. நான் சோறு எடுத்துக்கொண்டு போனபோது டைரக்டர் கிருபாசங்கரோடு இவர் மல்லுக்கு நின்றார். நாயகனுக்கு முழங்கால் போகும் காட்சி. அலறிப் புரள வேண்டும் என்கிறார் டைரக்டர்.

"யாரும் கத்த மாட்டாங்க சார்," என்றார் இவர்.

"வலிக்காதுங்களா?"

"உசுரு போகுமுங்க. ஆனா கான்ட்ராக்ட் முடியற மாசமுங்க அது. கத்தினா வெளிய உக்கார வெச்சுருவாங்க. அப்புறம் எந்த கிளப்புல எடுப்பாங்க?"

"டைரக்டர் நானுங்க. ஒத்துவரலீன்னா வேற ஆளப் பாத்துக்கறனுங்க." கோபத்திலும் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

தலையாட்டித் தொலைய வேண்டியதுதானே மனுஷா என்று மனதுக்குள் திட்டினேன்.

இவரோ அந்தக் காலோடு மைதானத்துக்குள் ஓடி, விழுந்தார். ஒரு நொடி புல்லை இறுகப் பிடித்தார். சட்டென்று எழுந்து, பயிற்சியாளர் உட்காரும் பெஞ்சைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக்காட்டி, பல் தெரியச் சிரித்தார். நாலடி ஓடியும் காட்டினார்.

"இதையே எடுக்கலாமுங்க," என்றார் கிருபாசங்கர், குரல் இறங்கி. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தட்டுவதற்குக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இவருடைய கடைசி மேட்சில், பெஞ்சுக்கு மேலே கேலரியில் நான் இருந்தேன். விழுந்து எழுந்தவர் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று போனில் படம் பிடித்தேன். அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிற ஒருத்தரையும் விடாமல் காட்டுவேன்.

நிழலில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்தேன். "ஏங்க, நம்ம ஊட்டுல இருக்கற போட்டோ..."

"ஆமா நஸ்ரியா."

"இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லலீங்களே!"

"நீ அதை ஆசையா மாட்டி வெச்சுட்டே. நான் என்ன சொல்லட்டும்?"

இப்படி ஒரு மனிதரோடா இத்தனை நாள் ஒன்றும் தெரியாமல் குடும்பம் நடத்தினேன் என்று நினைத்துக்கொண்டே தட்டில் சோறு போட்டேன். இவர் கை கழுவக் குழாயடிக்கு எழுந்து போனார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்து, நொண்டாமல் நடந்தார்.