மேற்கண்ட பொருள்

அலுவலகத்தில் எனக்குப் பட்டாசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், பயம். மகள் வேறு ஊரில் அவள் அப்பாவோடு, நான் இங்கே கடிதப் பிரிவில். மாதம் ஒருமுறைதான் பார்க்கிறேன். எவளுக்குத்தான் எரிச்சல் வராது? மூன்று வருடமாக இடமாற்றம் கேட்டு மனுப் போடுகிறேன். மேலாளர் வாயே திறக்கவில்லை. மனுஷனா மரமா?

அன்று அவரே வந்தார். "சில கடிதத்துல ஒரு வரி காணாமப் போகுதாம். மேக்ரோ நீங்க பதிவு பண்ணதுதானேம்மா? கொஞ்சம் பாருங்க."

மேக்ரோ பெரிய வித்தையெல்லாம் இல்லை. நான் ஒருமுறை கணினியில் செய்ததைப் பதிந்துகொள்ளும். பிறகு ஒரு பொத்தானைத் தட்டினால் அதையே செய்து, அச்சுக்கு அனுப்பிவிடும்; அச்சு இயந்திரம் உறைக்குள் போடத் தயாராக மடித்தும் தந்துவிடும். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. அச்சானதை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

ஒவ்வொரு கட்டளையாக ஓடவிட்டேன். ஐந்தாம் வரிக்குப் போ, அழி. பதிந்த அன்று முகவரி நான்கு வரி, ஐந்தாவது வெற்று வரி. முகவரி மூன்றே வரி என்றால்? ஐந்தாவதாக 'பொருள்' வரி வந்து நிற்கும். அதுதான் போகும்.

மூன்று வரி முகவரி யாருக்கு? மேலாளர், கடிதப் பிரிவு, தலைமை அலுவலகம். என் மனுக்களையும் அதே பொத்தானைத் தட்டித்தான் அச்சடித்திருந்தேன்.

அவர் அறைக்கு ஓடி என் மனுக்களைக் கேட்டேன். மூன்று தாளிலும் ஒரே வாசகம்: 'மேற்கண்ட பொருள் குறித்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.' மேலே 'பொருள்' வரியே இல்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்!" கத்தியேவிட்டேன்.

"கேக்கத்தான் வந்தேன்மா. நீங்க யாரையோ கிழிகிழின்னு கிழிச்சுட்டு இருந்தீங்க. அப்படியே திரும்பிட்டேன்."

"இப்ப சொல்றேன். என் பொண்ணு இருக்கற ஊருக்கு மாத்துங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அங்க இருந்தது ஒரே இடம். யாருமே கேக்கலைன்னு போன வாரந்தான் வேறொருத்தருக்குக் குடுத்தோம்."

இருக்கைக்கு வந்து, வரி வெற்றாக இருந்தால் மட்டும் அழிக்கும்படி திருத்தினேன். நான்கு நிமிட வேலை.

பள்ளி விட்டதும் மகள் அழைத்தாள். "அம்மா, அந்தக் கெட்ட சார் இன்னும் விடலையா?"

கெட்ட சார். நான் சொல்லிக்கொடுத்த பெயர்.

"அவர் கெட்டவர் இல்லடி கண்ணு," என்றேன்.