பழகினா தளர்ந்திடும்

கடையில் அவருக்கு ஸ்கேலண்ணன் என்று பெயர். வாடிக்கையாளர் உள்ளே வந்து மிதியடியில் காலைத் துடைப்பதற்குள், "எட்டாம் நம்பர், அகலக் கால், இடது பக்கம் ஒரு நூல் பெரிசு" என்று சொல்லிவிடுவார். அளந்து பார்த்தால் அச்சு அசலாக அதேதான் இருக்கும். முப்பது வருடம் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, ஊரார் காலையெல்லாம் தன் தொடை மேல் தூக்கி வைத்துச் சம்பாதித்த வித்தை அது. மனுஷர் முகத்தை மறந்துபோவார், காலை மறக்க மாட்டார். ஒருமுறை பஸ்ஸில் எதிரே இருந்தவரின் பாதத்தைப் பார்த்து, "சார், நீங்க போன வருஷம் பிரவுன் ஷூ எடுத்தீங்கல்ல?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் மிரண்டுபோய் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

அவரிடம் இன்னொன்றும் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். "பழகினா தளர்ந்திடும்." சரியான நம்பர் கையிருப்பில் இல்லையா, வாங்க வந்தவர் முகத்தைச் சுளிக்கிறாரா, விரல் இடிக்கிறது என்கிறாரா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மருந்துதான். செருப்புக் கடையில் நிற்கிற யாருக்கும் இது தாய்ப்பாலோடு வந்த மாதிரி வாயில் வரும். பொய் சொல்கிறோம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. பாதிப் பேருக்கு நிஜமாகவே தளர்ந்தும் விடுகிறதே, அப்புறம் எங்கே மனசாட்சி உறுத்தும்?

உறுத்த வைத்தது அவருடைய சொந்த அக்கா. அக்காவுக்கு வெகுநாளாகச் சர்க்கரை. தம்பி கடையில் தம்பி கையாலேயே ஒரு கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு, "லேசாப் பிடிக்குதுடா" என்றார். தம்பி வழக்கம்போல அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒரு மாதத்தில் அக்கா, "நீ சொன்னது சரிதான்டா, இப்ப ஒண்ணுமே தெரியல" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஷூ தளரவில்லை. அக்காவின் பாதத்தில் உணர்ச்சிதான் குறைந்துகொண்டே போயிருந்தது. காலுறை பிசுபிசுத்தபோதுதான் வீட்டில் பார்த்தார்கள். கடைசியில் வலது சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

புண்ணுக்குக் கட்டுப் போட வந்த வட்டார நர்ஸ், அந்த ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, "இதை யாரும்மா உங்களுக்குக் குடுத்தது?" என்று கேட்டார்.

"வேற யாரு? என் தம்பிதான்! காலைப் பார்த்தே அளவு சொல்லுவான்" என்று அக்கா, பக்கத்தில் நின்ற தம்பியைப் பெருமையாகக் காட்டினார்.

ஸ்கேலண்ணனுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நர்ஸ் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த அம்மாள் கட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு, "கடைக்கு என்னைக்கு லீவு?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை, சிஸ்டர்."

"அப்ப செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்துக்கு வாங்க. எனக்குப் புண்ணைத் தெரியும். செருப்பைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

அப்படித்தான் இரண்டு வருடமாக ஒவ்வொரு செவ்வாயும் சுகாதார நிலையத்தின் பின்கட்டு அறையில், சர்க்கரை நோயாளிகளின் கால் பார்க்க, அவர் முக்காலி போட்டு உட்கார்கிறார். சம்பளம் கிடையாது. காலையில் ஒரு டீ உண்டு. அறையில் இருக்கும் எதுவும் காசு கொடுத்து வாங்கியதில்லை. கால் கழுவுகிற பேசின்கள் பாத்திரக் கடைக்காரர் தந்தவை. துண்டுகள் ஒரு தையல்காரம்மா ஓரம் அடித்துக் கொடுத்தவை. பஞ்சும் துணியும் மருந்துக் கடையிலிருந்து மாதம் தவறாமல் வரும். நாற்காலிகள் மட்டும் ஒரே சாயலில் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வந்தது. உட்கார்ந்தால் எல்லாம் நாற்காலிதானே.

ஸ்கேலண்ணனின் வேலை இரண்டு. ஒன்று, செருப்புக்குள் கையை விட்டுத் துழாவுவது. உணர்ச்சி போன கால் உள்ளே எதை மிதித்தாலும் வாயைத் திறக்காது. இதுவரை அவர் கைக்குக் கிடைத்தவை: சட்டைப் பொத்தான், பேனா மூடி, பேரப்பிள்ளையின் பொம்மைக் கார்ச் சக்கரம், அப்புறம் ஒரு பெரியவர் இரண்டு நாளாக வீட்டையே தலைகீழாகப் புரட்டித் தேடிய பீரோ சாவி. அதனால் சுவரில் அவரே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: 'முதலில் கை, அப்புறம்தான் கால்.' இரண்டாவது வேலை இழை. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாதத்தில் பத்து இடத்தில் அதை அழுத்துவார். பட்டதும் "ம்" சொல்ல வேண்டும். சிஸ்டரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து, இப்போது ஸ்கேலண்ணன் குறித்துத் தருவதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்.

இந்த அறைக்கு வருகிற நாற்பது பேருக்குத்தான் அவருடைய முதலாளி நாற்பது ஜோடி ஷூ தானம் செய்கிறேன் என்று கிளம்பினார்.

முதலாளி நல்லவர்தான். கை தாராளம். ஆனால் அந்தக் கை கொடுக்கும்போது நாலு பேர் பார்க்க வேண்டும். ஸ்கேலண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே சிஸ்டரிடம் பேசி, புகைப்படக்காரருக்கும் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை வேனில் பெட்டிகளோடு வந்து இறங்கினார். பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய சீட்டைப் பார்த்ததுமே ஸ்கேலண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கடைப் பரணில் இரண்டு வருடமாகத் தூங்கிய சரக்கு. கூர் மூக்கு, முன்பக்கம் பலகை மாதிரி கெட்டி. நல்ல காலையே கடிக்கும்.

"முதலாளி, இது அந்த டெட் ஸ்டாக்கு..." என்று காதருகே போய்ச் சொன்னார்.

"அதனால என்ன? புதுசுதானே? ஒரு தடவைகூட யாரும் போட்டதில்ல" என்றார் முதலாளி. அவர் கண்ணில் கபடம் எதுவும் இல்லை. அதுதான் ஸ்கேலண்ணனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

முதல் நாற்காலியில் அக்கா இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் அந்த நாற்காலியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. முதலாளி பெட்டியைத் திறந்து ஒரு ஷூவை எடுத்து ஸ்கேலண்ணன் கையில் கொடுத்தார். "நீயே போட்டு விடுப்பா. கடையில போடுற மாதிரியே." புகைப்படக்காரர் குனிந்து தயாராக நின்றார்.

ஸ்கேலண்ணன் முக்காலியில் உட்கார்ந்து அக்காவின் வலது காலைத் தொடை மேல் வைத்துக்கொண்டார். நாலு விரல் இருந்த கால். ஷூவுக்குள் கை விட்டார். அவர் கைவிரல்களே உள்ளே நெருக்கிக்கொண்டன. கையை வெளியே எடுத்தவர் ஷூவைக் காலில் மாட்டவில்லை.

"என்னப்பா யோசனை?"

"இது அக்காவுக்குச் சேராது, முதலாளி. முன்னாடி இறுக்கம்."

முதலாளி சிரித்தார். "உனக்கு நான் சொல்லணுமா? பழகினா தளர்ந்திடும்!"

அக்கா குனிந்து மெதுவாக, "போட்டோவுக்குத்தானேடா. போடு, அப்புறம் கழட்டிக்கலாம். வேலைக்கு வேட்டு வச்சுக்காதே" என்றார். விரலைப் பறிகொடுத்தவர் தம்பியின் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இன்னொரு கடையில் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பது ஸ்கேலண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் ஷூவைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"மன்னிச்சுக்கங்க, முதலாளி. இதை இங்க யாருக்கும் நான் போட மாட்டேன். இதே வார்த்தையைச் சொல்லித்தான் இந்தக் காலுக்கு ஒரு விரலைப் போக்கடிச்சேன்."

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். முதலாளியின் முகம் கறுத்துவிட்டது.

"என் சரக்கை என் ஆளு நீயே குறை சொல்றியா? இதோ, நானும் நம்ம கடை ஷூதான் போட்டிருக்கேன். போன வெள்ளிக்கிழமை நானே ரேக்கில இருந்து எடுத்து மாட்டினேன். என்ன ஆயிடுச்சு? பஞ்சு மாதிரி இருக்கு!" என்று இடது காலை நீட்டிக் காட்டினார்.

நீட்டியது யாரிடம்? ஸ்கேலண்ணன் கண் சும்மா இருக்குமா? ஷூவின் மூக்கருகே ஒரு சின்ன மேடு தெரிந்தது.

"ஒரு நிமிஷம் உட்காருங்க, முதலாளி."

"எதுக்கு?"

"இந்த அறைக்குள்ள வந்தா எல்லாரும் கால் காட்டணும்" என்றார் சிஸ்டர், பக்கத்து நாற்காலியைக் காட்டி. நாலு பேர் பார்க்கிற இடம் ஆயிற்றே, முதலாளி உட்கார்ந்தார்.

ஸ்கேலண்ணன் ஷூவைக் கழற்றி உள்ளே கை விட்டு, மூக்கிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். புது ஷூவுக்குள் ஈரம் பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் போட்டு அனுப்புகிற மணிப் பொட்டலம். வாடிக்கையாளரிடம் கொடுக்குமுன் அதை எடுத்துப் போடுவதுதான் கடையில் அவர் முதல் வேலை. நசுங்கிச் சுருண்டு கிடந்தது. அறை முழுவதும் சிரித்தது. முதலாளியும் சேர்ந்து சிரித்தார். செருப்புக் கடை முதலாளி, அதுவும் தன் கடைப் பொட்டலத்தை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறார்!

சிரித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். "நாலு நாளா இது உள்ளேயா இருந்துச்சு?"

"சுகர் இருக்கா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"லேசா இருக்குன்னாங்க. நான் கண்டுக்கல."

ஸ்கேலண்ணன் காலுறையைக் கழற்றி, காலைத் தொடை மேல் வைத்துக்கொண்டார். "கண்ணை மூடிக்கங்க. பட்டா 'ம்' சொல்லுங்க." முதலாளி கண்ணை மூடினார். குதிகாலில் அழுத்தியபோது "ம்" என்றார். அப்புறம் சத்தமே இல்லை. இழை ஒவ்வோர் இடமாக வளைந்து நிமிர்ந்தது.

"என்னப்பா, மத்த இடமெல்லாம் எப்ப ஆரம்பிக்கப் போற?"

"முடிச்சுட்டேன், முதலாளி."

முதலாளி கண்ணைத் திறந்து தன் பாதத்தை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே தோல் கொப்பளித்து உடைந்திருந்ததைச் சிஸ்டர் காட்டினார். "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா நேரா ஆஸ்பத்திரிதான். இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல, ஆத்திடலாம். ஆனா நாளைக்கே டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிக் கட்டுப் போட்டார். முதலாளி வேனில் ஏறினார். பெட்டிகளும் கூடவே ஏறின. அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார்.

மறுநாள் கடைக்குப் போகும்போது ஸ்கேலண்ணன் மனைவியிடம், "இன்னைக்குச் சீக்கிரமே வந்தாலும் வந்துடுவேன்" என்றார். மனைவி, "வாங்களேன், வீட்டுக் கதவு என்ன பூட்டியா கிடக்கு? எனக்கும் ஒரு நல்ல செருப்பு எடுத்துக் குடுக்க நேரம் கிடைக்கும்" என்றார். முப்பது வருடமாக அவருக்குக் கிடைக்காத நேரம் அது.

கடையில் முதலாளி கல்லாவில் இல்லை. வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மாத்திரைச் சீட்டு சட்டைப் பையில் தெரிந்தது.

"அளவு எடு" என்றார்.

"அகல ஒன்பது, முதலாளி. எடுக்க வேண்டியதில்ல."

"நான் வாழ்நாள் முழுக்க எட்டுதானேய்யா போடுறேன்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலியா?"

"நீங்க கேட்கல. நானும் வாயைத் திறக்கல. தப்புதான்."

முதலாளி ஆர்டர் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்த நாற்பது பேர் அளவும் எழுதி வச்சிருக்கியா?" ஸ்கேலண்ணன் தலையைத் தட்டிக் காட்டினார். எழுதியெல்லாம் வைக்கவில்லை, அங்கேதான் இருந்தது. அன்று மதியம் நாற்பது அளவையும் அவர் சொல்லச் சொல்ல முதலாளியே உட்கார்ந்து ஆர்டர் எழுதினார். மெத்தென்ற உள்பக்கம், அகல மூக்கு. அக்காவுக்கு மட்டும் வலதுக்கு ஓர் அளவு, இடதுக்கு ஓர் அளவு.

சாயங்காலம் ஒரு அம்மாள் வந்து கூர் மூக்கு ஷூ ஒன்றில் காலைத் திணித்துக்கொண்டு எழுந்து நின்றார். பிடித்துப்போய்விட்டது, ஆனால் முகம் சுளித்தது. "கொஞ்சம் கடிக்குது. பழகினா தளர்ந்திடும்ல?"

ஸ்கேலண்ணன் வாயைத் திறப்பதற்குள் கல்லாவிலிருந்து சத்தம் வந்தது.

"தளராதும்மா! ஷூ தளராது, காலுதான் போகும். எங்க அண்ணன் சொல்ற அளவைப் போடுங்க. அவர் இங்க மட்டும் இல்ல, சுகாதார நிலையத்துலயும் கால் பார்க்கிறவர்."

கடைப் பையன்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருடத்தில் முதலாளி அவரை அண்ணன் என்று சொன்னதில்லை. ஸ்கேலண்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. அகல ஏழாம் நம்பரை எடுத்துவந்து முக்காலியில் உட்கார்ந்து, உள்ளே கை விட்டுப் பொட்டலத்தை எடுத்து, முதலாளிக்குத் தெரிகிற மாதிரி ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காலைக் குடுங்கம்மா" என்றார்.