பாசிக்குக் கடல் தண்ணீர்

பத்து லிட்டர் கேனைச் சமையலறையில் வைத்துவிட்டு, உப்புப் பூத்திருந்த சட்டையை முரளி கழற்றி எறிந்தான்.

"பாதிதானே இருக்கு?" என்றாள் அமலா.

"வந்தவனுக்கு ஒரு வாய் காபி இல்ல. பாசிக்குக் குறைஞ்சதுதான் உன் கண்ணுல படுது."

அவன் மனைவி அமலா புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். அந்தமான் தீவுகளின் அலையாத்திக் காடுகளில், சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களில் ஒட்டி வளரும் பாசிகளைக் கொண்டுவந்து வளர்த்தாள். உப்புகளைக் கலந்து தயாரித்த நீரில் அவை வெளுத்துப்போயின. கடல் தண்ணீரே வேண்டும். புனேயில் கடலுக்கு எங்கே போவது? வங்கி வேலையாக வாராவாரம் மும்பை போய்வரும் முரளி மாட்டிக்கொண்டான்.

தொண்ணூற்றெட்டு தீபாவளிக்கு லீவு விட்டு ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பாட்டில்களெல்லாம் புனேயின் சாங்வி பகுதியில் இருந்த அவர்கள் வீட்டு ஜன்னலோரத்துக்கு வந்து சேர்ந்தன.

அன்று மும்பையிலிருந்து திரும்பும்போது ரயிலில் எதிரே இருந்தவர், கேட்காமலேயே கேனைச் சாய்த்து டம்ளரில் பிடித்து மடக்கென்று குடித்துவிட்டார். குடித்தது அத்தனையும் முரளியின் சட்டைமேல் வந்து விழுந்தது. அவர் மராத்தியில் கத்த, பெட்டியே கூடிவிட்டது. பாசிக்காக என்றான், ஒருவரும் நம்பவில்லை. தள்ளுமுள்ளில் கேன் கவிழ்ந்தது.

"குடிக்கிற தண்ணி இல்லைன்னு எழுதி ஒட்டியிருக்கலாம்ல?" என்றாள் அமலா, அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு.

"எந்த பாஷையில?" முரளிக்குக் கோபம் தலைக்கேறியது. "எல்லாம் ஒரே பச்சைப் பாசி. நம்ம பாத்ரூம்லயே வேணுங்கிற அளவு இருக்கு."

"பச்சையா? இங்க வாங்க."

பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். ஒன்றில் கருஞ்சிவப்பு நூல்கள். இன்னொன்றில் சிறு இலைகள் கோத்த சரம் போல. பழுப்பு நிறத்தில் ஒன்று, அடியில் வழவழவென்று நீலப்பச்சையாக ஒன்று.

"ஒரே வேர்ல ஒரு சாண் உயரத்துக்குள்ள இத்தனையும் இருக்குங்க. அலை எதுவரைக்கும் நனைக்குதோ, அதுக்குத் தகுந்த மாதிரி பாசியும் மாறும். இந்தத் தண்ணி எல்லாத்துக்கும் பத்தாது."

வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்து, சிவப்புகளுக்கு மட்டும் ஊற்றினாள். மீதிப் பாட்டில்களை மூடும்போது மூடி ஒவ்வொன்றும் 'டக்'கென்று சத்தம் போட்டது.

லீவு முடிவதற்குள் பழுப்புப் பாசி வெளுத்துவிட்டது.

"இதை மறுபடி எங்க பிடிக்கிறது?" என்று முரளி தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அந்தமானுக்குத்தான் போகணும்."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அதுக்கும் நான்தான் வரணுமா?"

"சாமி, நீங்க வரவே வேண்டாம்!" என்றாள் அமலா.