‘கல்’ என்றால் நாளை

மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு.

போர்ட்பிளேரில் சாத்தத்துக்கும் பம்பூஃப்ளாட்டுக்கும் நடுவே ஓடும் ஃபெரியில் கயிறு கட்டும் வேலை விஜயனுக்கு. பட்டப்பகலில், ஸ்கூட்டரும் மீன்கூடையும் சனமும் நெருக்கியடிக்கிற தளத்துக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வரும். வெட்டுக்கத்தியின் முதுகால் மரத்தில் தட்டுகிற சத்தம். இரும்பு ஃபெரியில் மரச் சத்தம் எப்படி வரும்? வராது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், கேட்கிறதே.

அப்படித் தட்டுகிறவன் மார்ட்டின் குஜூர். ராஞ்சிக்காரன். செத்து ஆறு வருடமாகிறது.

அப்போது விஜயன் ரங்கத் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் டோங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் வைத்த சின்ன மரப்படகு. புதர் வெட்ட மார்ட்டினை ஆளில்லாத தீவொன்றில் இறக்கிவிடுவான், சொன்ன நாளில் போய் ஏற்றிக்கொள்வான். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. டோங்கியின் சத்தம் கேட்டதும் மார்ட்டின் கரையோர மரத்தில் மூன்று தட்டுத் தட்டுவான், இங்கே நிற்கிறேன் வா என்று.

ஒரு சனிக்கிழமை விஜயன் போகவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை, கேரம் ஆட்டம் சூடுபிடித்திருந்தது. சாயங்காலம் மார்ட்டினின் மனைவி சலோமி போன் செய்தாள். “மார்ட்டின் கப்?” மார்ட்டின் எப்போது என்று கேட்டாள். “கல்” என்றான் விஜயன். தீவுக்காரர் எல்லோருக்கும் பொதுவான இந்தியில் அந்த ஒரு சொல் நாளைக்கும் ஆகும், நேற்றுக்கும் ஆகும்.

நேற்றே வந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டாள் சலோமி. கூலி வாங்கினால் இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருவது மார்ட்டினின் வழக்கம், அதனால் தேடவும் இல்லை. அன்று கடல் குளம் மாதிரி கிடந்தது. தெரிந்திருந்தால் கான்ட்ராக்டரிடம் சொல்லி வேறு டோங்கி அனுப்பியிருப்பாள். ஞாயிறும் திங்களும் கடல் கொந்தளித்தது. செவ்வாயன்று விஜயன் போனபோது, குடிதண்ணீர் தீர்ந்து நீந்திக் கடக்கப் பார்த்த மார்ட்டின் அலையாத்தி வேர்களில் சிக்கிக் கிடந்தான்.

விசாரணையில் விஜயன் ஒன்றைத்தான் சொன்னான். நான் நாளை என்றேன், அவள் நேற்று என்று நினைத்துவிட்டாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பழி சொல்லின் மேல் விழுந்தது. சொல்லைப் பிடித்து ஜெயிலிலா போட முடியும்?

பிறகு அவன் போர்ட்பிளேருக்கு வந்துவிட்டான். சலோமியும் வீட்டுவேலை தேடி வந்தாள். இருவருக்கும் ஒரே சர்ச். லெந்து என்கிற நோன்பு நாட்கள் வந்தால் விஜயன் நாற்பது நாளும் மத்தியானம் சாப்பிடுவதில்லை. முழங்கால் காய்த்துப்போகும் அளவுக்கு ஜெபிப்பான், கண்ணீர் விடுவான். அவன் மனைவி ரூபாவுக்கு எரிச்சல்தான் வரும்.

“அப்படி என்னதான் பண்ணித் தொலைச்சீங்க, சொல்லுங்களேன்” என்றாள் இந்த வருடமும்.

“நாளைக்குச் சொல்றேன்” என்றான் அவன். போன வருடமும் அதையேதான் சொன்னான். மனந்திரும்புதல் என்ற சொல்லைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டவன். மனம் நன்றாக நனைந்ததே தவிரத் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல சலோமி எழுந்தாள். அவள் இந்தியில் சொன்னது இவ்வளவுதான். என் காது தப்பாகக் கேட்டது, என் காதுதான் என் புருஷனைக் கொன்றது, ஆறு வருடமாக மன்னிப்புக் கேட்கிறேன், ஆண்டவர் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வெளியே போனாள்.

விஜயனின் பெஞ்சுக்கு அடியில் மூன்று தட்டுக் கேட்டது. பக்கத்தில் ரூபா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தன் பாவத்தை இன்னொருத்தி தூக்கிக்கொண்டு நடக்கிறாள், தான் பட்டினி கிடந்து புண்ணியம் தேடுகிறோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. எழுந்து வெளியே போனான்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள் சலோமி. அவன் சொன்னான். உன் காதில் தப்பில்லை. நீ நேற்று என்று எடுத்துக்கொண்டாய் என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். திருத்தினால், நான் போகவில்லை என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிடுவாய் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

“எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டாள்.

“நான் ‘கல்’னு சொன்னதும் நீ, ‘ஆ கயா? பிரபு கா தன்யவாத்’னு சொன்னே.”

வந்துவிட்டானா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் போனை வைத்திருந்தான்.

சலோமி அழவில்லை. ஈரக் கையால் தன் இரண்டு காதுகளையும் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வாசலைக் காட்டினாள். “அந்தர் ஜாகே போலோ. சப்கே சாம்னே.” உள்ளே போய் எல்லார் முன்னாலும் சொல் என்கிறாள். உள்ளே ரூபா இருக்கிறாள். விசாரணையில் அவன் சொன்னதைக் கேள்விப்பட்டு நம்பின பாதிப்பேர் இருக்கிறார்கள். பழக்கதோஷம், “கல்” என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விஜயன் அதை விழுங்கினான்.

“ஆஜ்” என்றான். இன்றைக்கே.

சொல்லிவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தான். நிற்கவில்லை. மூன்று தட்டு, இப்போது சர்ச்சுக்கு உள்ளேயிருந்து கேட்டது. ஆறு வருடமாக அது தன்னைத் துரத்துகிறது என்றுதான் பயந்து செத்துக்கொண்டிருந்தான். கரையில் நிற்கிறவன் படகைத் துரத்தவா தட்டுவான்? வரச்சொல்லித்தான் தட்டுவான்.

விஜயன் போனான்.