துணி போக, கை போக

எங்கள் எடைமேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. லாரி ஏறி நின்றால் எண் இருபது இருபதாகத்தான் ஏறும், இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நானும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தேன். கிராம் என்பதெல்லாம் நகைக்கடைக்காரர்களின் கவலை என்று நினைத்திருந்தேன். பிறகு எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். நாள் நிறையும் முன்பே அவசரப்பட்டு, ஒன்றரைக் கிலோகூட இல்லாமல்.

மருத்துவமனையில் அவளைப் பற்றிய பேச்சில் பாதி எடைதான். லோ பர்த் வெயிட். அண்டர்வெயிட். வெயிட் கெயின் போதவில்லை. டாக்டர் இந்த வார்த்தைகளை நடந்தபடியே போட்டுவிட்டுப் போய்விடுவார். என் மனைவி அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க அழுவாள். அண்டர்வெயிட் என்றால் தன் மேல் சுமத்திய குற்றம் என்றே நினைத்தாள்.

"எங்க வேலையில அண்டர்லோடுன்னா நல்ல சேதி," என்றேன். "டயர் தேயாது. மேடு சுலபமா ஏறிடும்."

"நம்ம பொண்ணு என்ன லாரியா?"

"லாரியைவிடக் கெட்டி."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அழுகை நின்றது. விட்டேனா நான், தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எனக்கு ஒழுங்காகத் தெரிந்த இங்கிலீஷே மூன்று வார்த்தைதான், மூன்றும் எடை. லாரி, சரக்கு, டிரைவர், அவருடைய தண்ணீர்க் கேன் என்று மேடையில் நிற்பது மொத்தமும் கிராஸ். வெறும் வண்டி டேர். அதைக் கழித்தால் நிற்கிற சரக்கு நெட்.

"பாப்பாவுக்கு எப்படிங்க?" என்று கேட்டாள்.

"துண்டு, தொப்பி, டயப்பர் எல்லாம் டேர். அது போக நிக்கிறது நெட்."

"அப்ப நெட்டுதான் நம்ம பொண்ணு."

"ஆமா. மத்ததெல்லாம் துணி."

இரண்டு கிலோ தொட்டால் வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே இருந்தால் இந்தக் குழந்தையின் உடம்பு வீட்டில் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளாது, ஜில்லிட்டுவிடும், திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடிவர நேரம் இருக்குமா என்று சொல்ல முடியாது என்றும் சொல்லியிருந்தார். இதில் முதல் பாதி என் மனைவியின் காதில் நின்றது. இரண்டாம் பாதி என் காதில் நின்றது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டிரைவர்களுக்கு நான் 'எறங்கு சார்'. வெறும் வண்டியை எடை போடும்போது கேபினுக்குள் ஆளைப் பதுக்கி வைப்பார்கள். டேர் ஏறினால் நெட் குறையும், ஏற்றிய சரக்குக்குக் காசு குறையும், அவர்களுக்கு லாபம். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எறங்கு, எல்லாரும் எறங்கு" என்று கத்துவேன். இறங்கிவிட்டு, "செருப்பையும் கழட்டணுமா சார்?" என்று நக்கல் அடித்தவர்கள் உண்டு. கழற்றச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வேறு எதிலும் பெருமை கிடையாது, இதில் மட்டும் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

ஒரு நாள் காலை நர்ஸ் பாப்பாவின் துணியை எல்லாம் உருவிவிட்டுத் தராசுத் தட்டில் கிடத்தினார். முந்தின நாள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. குளிரில் வாய் கோணி அழப்போனவளிடம் என் விரலைக் கொடுத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாயிரத்துப் பத்து," என்றார் நர்ஸ். "பாப்பா அம்மா, உங்க பொண்ணு இன்னிக்கு வெயிட் காட்டிட்டா."

என் மனைவியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை நாள் அந்த முகத்தை எங்கே வைத்திருந்தாளோ. உடனே போனை எடுத்துத் தன் அக்காவிடம், "நாளைக்கு வீட்டுக்கு வந்துருவோம்" என்றாள். நர்ஸ் எண்ணை எழுதத் திரும்பினார்.

நான் மட்டும் தட்டருகே நின்றேன். ஒரே நாளில் எண்பது கிராம் எப்படி ஏறும்? கீழே பார்த்தேன். விரல் அவள் கைக்குள் இருந்தது. மணிக்கட்டு தட்டின் விளிம்பில் சொகுசாகப் படுத்திருந்தது. மெதுவாகத் தூக்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. திரும்ப வைத்தேன். ரெண்டாயிரத்துப் பத்து.

யாரும் பார்க்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. என் மனைவி சிரித்து எத்தனை நாளாயிற்று. ஆனால் பாப்பாவின் உள்ளங்கால் என் கையில் பட்டது. ஜில்லென்று இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"சிஸ்டர், எழுதாதீங்க," என்றேன். "அதுல நானும் இருக்கேன்."

திரும்ப எடை போட்டார்கள். என் மனைவி போனை வைத்தாள்.

"அறுபது கிராம்," என்றாள். "உங்க மேடையில அது தூசி. ஊர்ல இருக்கிறவனை எல்லாம் எறங்கு எறங்குன்னு கத்துறீங்களே, உங்களுக்கு எறங்கத் தெரியாதா?"

அவள் சொன்னதில் ஒரு கிராம் கூடுதல் குறைச்சல் கிடையாது.

அவளுக்கு வாங்கி வந்த சாப்பாடு சாயங்காலம் வரை வாங்கிய மாதிரியே இருந்தது. நான் வராந்தாவுக்கும் வாசலுக்குமாக நடந்து பார்த்தேன், என் செருப்புச் சத்தமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பாப்பாவை மாரோடு அணைத்து வைத்திருக்கும் நேரம் வந்தது. அது அம்மாவின் முறை. ஆனால் அவள் என் சட்டையைப் பார்த்து, "பட்டனைக் கழட்டுங்க" என்றாள். பாப்பாவை என் நெஞ்சில் படுக்க வைத்துப் போர்வையை இழுத்து மூடினாள்.

"டாக்டர் சொன்னதை நர்ஸ்கிட்ட மறுபடி கேட்டேன்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "சூடு நிக்காதாம். நீங்க சொல்லாம இருந்திருந்தா..."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"நீங்க சூடு குடுங்க. வெயிட்டை அவளே போட்டுப்பா."

நெஞ்சில் ஒன்றுமே வைத்த மாதிரி இல்லை. அப்படியும் மூச்சைப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டேன். கொஞ்ச நேரத்தில் என் சட்டை ஈரமானது. பாப்பா நனைத்ததா, நான் அழுததா என்று அவள் கேட்கவில்லை. இரண்டும்தான்.

அடுத்த நாள் கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்த காலை, தட்டை எடுத்து வைத்ததும் என் மனைவி முன்னால் வந்து நின்றாள்.

"சிஸ்டர், கையை எடுங்க. என்னங்க, நீங்க வெளியே போங்க."

"நான் எட்டத்தானே நிக்கிறேன்?"

"எறங்குங்க சார்," என்றாள்.

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வெளியே போய்க் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். துண்டை உருவினார்கள், தொப்பியை எடுத்தார்கள். என் மனைவி குனிந்து தட்டின் நாலு விளிம்பையும் பார்த்தாள், தன் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பாப்பா காலை உதைத்துக் கத்துவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. எண் எனக்குத் தெரியாத பக்கம் இருந்தது. நர்ஸ் ஏதோ எழுதினார். என் மனைவி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று அக்காவுக்குப் போன் போட்டபோது இருந்த அதே முகத்தோடு. பிறகு இரண்டு கைகளையும் நான் பார்க்கும்படி உயரத் தூக்கிக் காட்டினாள், எதையும் தொடவில்லை என்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு மெதுவாக ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"நெட்டு."